பணம் கட்டிய நாளா, பொலிசி தொடங்கிய நாளா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கடன் எடுத்து வாங்கிய கறவை மாட்டுக்கு மார்ச் 4ஆம் திகதி காப்புறுதிப் பணம் கட்டினோம். பொலிசி வந்தபோது ஆரம்பத் திகதி மார்ச் 10 என்றிருந்தது. 26ஆம் திகதியிலிருந்து மாடு தீனி எடுக்கவில்லை. 31ஆம் திகதி மிருக வைத்தியர் வந்து உண்ணிக் காய்ச்சல் என்றார். ஏப்ரல் 2 விடியற்காலையில் செத்துப்போனது. காப்புறுதித் தொகை 250,000 ரூபாய். 21 நாள் காத்திருப்புக் காலத்துக்குள் நோய் வந்ததாம், தர முடியாதாம். இப்போது நல்லெண்ணத் தொகையாக 80,000 தருகிறோம் என்கிறார்கள். கட்டிய அன்றிலிருந்தே காப்புறுதி உண்டு என்று முகவர் சொன்னார். கிளைக்குப் போனால் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள். மாடு செத்தது 21 நாள் முடிந்த பிறகுதானே? வைத்தியர் எழுதித் தந்த துண்டை அவரிடமே மாற்றி எழுதி வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். இன்னொரு மாடும் இதே பொலிசியில் இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: கிளையில் எப்படிப் பேசினார்கள் என்பது வழக்கில் வராது. முகவர் வாயால் சொன்னதும் அநேகமாக வராது. எழுதிய ஒப்பந்தத்துக்கு மாறான வாய்ப்பேச்சைச் சான்றாகக் கொண்டுவர, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள் பொதுவாக இடம் தருவதில்லை. மாடு செத்த திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலும் பயனில்லை. நீங்கள் அனுப்பிய பிரதியில் உள்ள வாசகம், “காத்திருப்புக் காலத்தினுள் அறிகுறி தென்பட்ட நோயினால் ஏற்படும் இறப்பு” என்பது. அறிகுறி தென்பட்ட நாளைத்தான் அது கேட்கிறது.

அந்த நாள் மார்ச் 26. 10ஆம் திகதியிலிருந்து எண்ணினால் 21 நாள் 30ஆம் திகதி முடிகிறது. நோய் உள்ளே விழுகிறது. 4ஆம் திகதியிலிருந்து எண்ணினால் 24ஆம் திகதியோடு முடிகிறது. நோய் வெளியே நிற்கிறது. உங்கள் முழு வழக்கும் இந்த ஆறு நாள்தான்.

ஆகவே 4ஆம் திகதி தந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பணம் பெற்றதற்கான சீட்டு மட்டும் என்றால் அதற்குப் பெரிய பெறுமதி இல்லை. பணத்தை வாங்கிவிட்டு, மாட்டைப் பார்வையிட்ட பிறகு பொலிசியை ஆரம்பிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அதில் “இன்று முதல் தற்காலிகக் காப்புறுதி” என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் நிலைமை வேறு. ஒரே நிறுவனம் தந்த இரண்டு கடதாசிகள் இரண்டு திகதி சொன்னால், அந்தத் தெளிவின்மை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ளப்படும். பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லும் வாசகம், அதாவது விலக்கு, பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. அந்த வரி இருந்தால் 80,000த்தை வாங்க வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்து, மறுப்பை எழுத்தில் வாங்கி, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போங்கள். அதற்குக் கட்டணமில்லை.

இதே கணக்கை மற்றவர்கள் தங்கள் பொலிசிக்கு அப்படியே போட்டுவிடக் கூடாது. சில பொலிசிகளில் “தென்பட்ட” என்ற இடத்தில் “தொற்றிய” என்று இருக்கும். உண்ணி கடித்து இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் இந்தக் காய்ச்சல் வெளியே தெரியும். அப்படியானால் 26ஆம் திகதி தெரிந்த நோய் மார்ச் முதல் பாதியிலேயே தொற்றியிருக்கும். எந்தத் திகதியிலிருந்து எண்ணினாலும் தப்ப முடியாது.

இனி வைத்தியரின் துண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். நியாயம் கொஞ்சம் இருந்த எத்தனையோ உரிமைக்கோரல்கள் இந்த இடத்தில்தான் அடியோடு சாய்கின்றன. “ஐந்து நாளாகத் தீனி இல்லை, சிறுநீர் சிவப்பு” என்று அவர் எழுதியதை “நேற்றிலிருந்து” என்று மாற்றி வாங்கினால் போதும் என்று தோன்றும். நிறுவனத்தின் ஆள் துண்டோடு நிற்கமாட்டார். பால் சேகரிக்கும் இடத்துக் கொப்பியைப் பார்ப்பார். தினமும் 12 லீற்றர் ஊற்றிய மாட்டின் கணக்கு 26ஆம் திகதி 5 லீற்றராக இறங்கியிருந்தால் அதுவே போதும். வைத்தியரின் சொந்தப் பதிவேடும் இருக்கிறது. காய்ச்சலை மறைத்து, சரிவில் விழுந்து செத்தது என்று எழுதுவதும் இதே குழிதான். விபத்துக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் கிடையாது என்பதால் அந்த ஆசை வரும். பிரேதப் பரிசோதனை அதை உடைத்துவிடும்.

பொய் வெளிப்பட்டால் இந்த மாட்டின் பணம் மட்டும் போகாது. காப்புறுதி முழு நம்பகத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம். நிறுவனம் பொலிசியையே இரத்துச் செய்யலாம், உயிரோடு நிற்கும் மாட்டின் பாதுகாப்பும் சேர்ந்து போகும். தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றல் குற்றச்சாட்டு வரலாம். உங்களுக்கு உதவப்போய் வைத்தியர் தன் தொழிற் பதிவையும் இழக்கக்கூடும்.

பற்றுச்சீட்டில் அந்த வரி இல்லையென்றால் 80,000த்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, கடனும் நிற்கிறது. ஆனால் தோற்கக்கூடிய வழக்குக்காக வருடக்கணக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு நடந்து, கூலி நாளையும் பஸ் காசையும் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடன் தந்தவரின் பெயர் பொலிசியில் இருந்தால் பணம் முதலில் அங்கே போகலாம். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

அந்தக் கையெழுத்துக் கடதாசியையும் வாசிக்காமல் விடாதீர்கள். “இப்பொலிசியின் கீழ் எல்லா உரிமைகளும் தீர்க்கப்பட்டன” என்று அச்சடித்திருந்தால், செத்த மாட்டின் காது நம்பரை எழுதி “இந்த விலங்கு தொடர்பாக மட்டும்” என்று திருத்தச் சொல்லுங்கள். திருத்தாமல் போட்டால் மற்ற மாட்டின் உரிமையையும் நீங்களே எழுதிக் கொடுத்ததாக வாதிட இடம் உண்டு. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். விளங்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துத்தான்.

மற்ற மாட்டின் பொலிசியை முடியும் திகதிக்கு முன்பே புதுப்பியுங்கள். இடையில் ஒரு நாள் விட்டாலும் புதிய பொலிசியாகக் கணக்கெடுத்து, 21 நாளை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். செத்த மாட்டுக்குப் பதிலாக வேறு மாடு வாங்கினால் அதற்கும் தனியாக 21 நாள் உண்டு. இந்த முறை பணம் கட்டும்போதே ஆரம்பத் திகதியை எழுத்தில் வாங்குங்கள்.