ஆமைக் குஞ்சுகள் பொரியும் கடற்கரையில் டார்ச் அடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

ஆலிவ் ரிட்லி என்ற கடலாமையைத்தான் நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். காட்டுப்பள்ளித் தீவு, பழவேற்காடு பக்கத்து மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் ஏறி, குழிக்குச் சுமார் 100 முட்டை இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். இருட்டான கரையை விட்டு, வெளிச்சமாகத் தெரியும் கடல் பக்கம் போவதுதான் குஞ்சுக்குத் தெரிந்த வழி. தெருவிளக்கோ செல்போன் டார்ச்சோ கடலைவிடப் பளிச்சென்றிருந்தால் அங்கே திரும்பிவிடும். கரண்ட் போன வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் தடவிப் போவோமே, அப்படி. விடிந்தால் காகம், நாய், வெயில்.

வெளிச்சம் இல்லாமல் முடியாதென்றால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். கரையேறும் தாய் ஆமைக்கு எதிரே நிற்காதீர்கள், முட்டையிடாமலே திரும்பிவிடும்.

குஞ்சைத் தூக்கித் தண்ணீரில் விடுவது உதவி என்று பலர் நினைக்கிறார்கள். மணலில் தானே ஊரும் அந்தச் சில மீட்டரில்தான் அது கடலில் நீந்த வேண்டிய திசையைப் பிடித்துக்கொள்கிறது.