மனநோயை ரத்தம் காட்டிக்கொடுக்குமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கே: அண்ணே, டவுன்ல ரத்தம் எடுத்தே டிப்ரெஷன் இருக்கா இல்லையான்னு சொல்றாங்களாம். தம்பிக்கு எடுக்கலாமா?

ப: வேண்டாம் தங்கச்சி, காசுதான் போகும். டிப்ரெஷன், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) எதையும் ரத்தத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. டாக்டர் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கிறார். 1980களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை வைத்துச் செய்யும் சோதனையைப் பெரிதாக நம்பினார்கள். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் கொடுத்து, மறுநாள் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பது, இறங்காவிட்டால் டிப்ரெஷன் என்பது. கடுமையான டிப்ரெஷனிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சிக்கினார்கள். குடிப்பழக்கமும் எடைக்குறைவும்கூட அதே முடிவைக் காட்டின.

கே: அப்படின்னா கிளினிக்குல ஏன் நாலு குழாய் எடுத்தாங்க?

ப: மனநோய் வேஷம் போடும் உடம்பு நோய்களை விலக்க. தைராய்டு குறைந்தால் சோர்வு, மந்தம், கூடினால் படபடப்பு. பி12 குறைந்தால் மறதி, சிலருக்குப் பிரமையும் வரும். ரத்தசோகை, சர்க்கரை, கால்சியம், சிஃபிலிஸ் எல்லாம் இதில் அடக்கம். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாக இறங்கி, இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

கே: 80 விழுக்காடு சரியாச் சொல்லும்னா நல்ல டெஸ்ட்தானே சார்?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டத்தில் 1000 பேர். நூற்றுக்கு ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்றால் 10 பேர். அதில் 8 பேரை டெஸ்ட் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 198 பேருக்கும் ‘இருக்கு’ என்றே வரும். ஆக 206 ரிப்போர்ட்டில் நிஜம் எட்டே எட்டு. மற்ற 198 பேரையும் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ (அங்கேதான் மனநோய் ஆஸ்பத்திரி) என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தால் யார் வாயை அடைப்பது?

கே: சிஆர்பி கூடியிருக்கு. டிப்ரெஷனா?

ப: சிஆர்பி உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவு, அதை வைத்துச் சொல்ல முடியாது. ஈறு வீங்கினாலும் கூடும், காய்ச்சலுக்கும் கூடும்.

கே: அப்பா லித்தியம் சாப்பிடுறாரு, செம்பனை வெட்டுற வேலை. அடிக்கடி ரத்தம் எடுக்கணுமா அண்ணே?

ப: கட்டாயம். லித்தியம் மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து, ரத்தப் பரிசோதனை உயிரைக் காப்பது இங்கேதான். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும்: இரவு 9 என்றால் காலை 9. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். முன்னதாக எடுத்தால் அளவு ஏறித் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும். பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும், 1.5 தாண்டினால் ஆபத்து.

குழாயையும் கவனிக்க வேண்டும். பச்சை மூடிக் குழாய்களில் ஒரு வகையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அதில் எடுத்தால் குழாயின் லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். ஆள் நன்றாக இருக்கும்போது திடீரென்று 2, 3 என்று வந்தால் குழாயைச் சந்தேகித்து உடனே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

வெயிலில் வியர்த்து உப்பும் தண்ணீரும் போனால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது. முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது, பனடோல் (பாராசிட்டமால்) பரவாயில்லை. நடுக்கம் கூடி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து, நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கே: பசியோட போகணுமா?

ப: லித்தியத்துக்கும் டிஎஸ்எச்சுக்கும் வேண்டாம். சர்க்கரையும் சேர்த்து எழுதியிருந்தால் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். தண்ணீர் குடித்தால் ஊசி போட ரத்த நாளமும் சுலபமாகக் கிடைக்கும்.