ஏற்றத்தில் பைக் துள்ளினால் ஃப்ரேமை மாற்ற வேண்டுமா?

"என்னுடையது 130 மி.மீ. டிராவல் உள்ள சிங்கிள் பிவட் மவுண்டன் பைக். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழுகிறது. ஹோர்ஸ்ட் லிங்க் ஃப்ரேம் வாங்கினால் சரியாகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (டிராவல் என்பது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம். பிவட் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி அசையும் மூட்டு; சிங்கிள் பிவட்டில் அது ஒன்றுதான், ஹோர்ஸ்ட் லிங்க்கில் பல.)

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலும், பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்பும் எடுங்கள். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் மெதுவாக உட்காருங்கள். ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் உள்ள சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அது முழுதாக அமுங்கும் தூரம், 50 மி.மீ. என்றால் வளையம் 13 முதல் 15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். 20 வந்தால் காற்று குறைவு. துள்ளலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். 10 பிஎஸ்ஐ ஏற்றி, ஷாக்கை நாலைந்து தடவை நன்றாக அமுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் துள்ளுகிறதா? அப்போது செயினைப் பார்க்க வேண்டும். அழுத்தி மிதித்ததும் பைக் முன்னே பாயும், எடை பின்னால் சாயும், பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். செயினின் இழுப்பு அந்த அமுக்கத்தைத் தடுக்கப் பார்க்கும். இந்தத் தடுப்புக்குத்தான் ஆன்டி-ஸ்குவாட் என்று பெயர். 100 சதவீதம் என்றால் இரண்டும் சமம். இதைத் தீர்மானிப்பது பிவட் இருக்கும் இடமும் செயின் ஓடும் கோடும். எத்தனை பிவட் என்பதல்ல. சரியான இடத்தில் ஒரே பிவட் வைத்த பைக், மோசமாக அமைத்த நாலு பிவட் பைக்கை விட நன்றாக ஏறும்.

ஹோர்ஸ்ட் லைட்னர் பெயரில் வழங்கும் அந்த லிங்க், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் செயின்ஸ்டேயில் (பெடல் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயில்) வைக்கும் ஒரு பிவட். அதன் பெரிய பலன் தெரிவது பிரேக் பிடிக்கும்போதுதான். உங்கள் குறை அதுவல்லவே.

செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்ரிங்கில் 32 பல் இருந்தால் 30 பல்லுக்கு மாற்றிப் பாருங்கள்; ஆன்டி-ஸ்குவாட் கூடும். ஆனால் கல் நிறைந்த பாதையில் சக்கரம் மேலே எழும்போது செயின் இழுபட்டு பெடல் காலைப் பின்னுக்கு உதைப்பதும் கொஞ்சம் கூடும். கல்பாதையே அதிகம் என்றால் பழைய செயின்ரிங்கே நல்லது.

அப்புறம் இன்னொன்று. எழுந்து நின்று உடலை ஆட்டி மிதித்தால் வரும் துள்ளலை எந்த லிங்க்கும் முழுதாக அடக்காது. உட்கார்ந்து, சின்ன கியரில் சீராக மிதியுங்கள். வழவழப்பான நீண்ட ஏற்றத்தில் ஷாக்கின் லீவரைப் பூட்டிக்கொள்ளலாம், உச்சியில் மறக்காமல் திறந்துவிடுங்கள்.