டீசல் காரில் இழுவை குறைந்தால் டர்போவைத்தான் மாற்ற வேண்டுமா?

உங்கள் டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லை, எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0299 வருகிறது, பணிமனையில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே யோசனைதான் சொல்லப்பட்டது. கடைசியில் மாற்றியதோ ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ் மட்டுமே. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தரும் காற்றழுத்தம் போதவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்வதில்லை.

பல டீசல் கார்களில் டர்போவைக் கட்டுப்படுத்துவது வெற்றிடம்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்கினேன். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் தகடு காற்றை மறிப்பதால், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு குழாயிலேயே வெற்றிடம் கிடைத்துவிடுகிறது. டீசலில் அந்த மறிப்பு இல்லாததால் வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு வேக்யூம் பம்ப், பெரும்பாலும் எஞ்சின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் முனையில், பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் மிதிப்பை எளிதாக்கும் பூஸ்டரும், பல கார்களில் ஒரு தண்டை இழுத்து டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரும் அந்த ஒரே பம்பை நம்பியிருப்பதால், முதல் சோதனைக்குப் பிரேக் பெடலே போதும். எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்பிலோ பெரிய குழாயிலோ பூஸ்டரிலோ கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் காரை எடுக்காதீர்கள்.

என் காரில் பெடல் இறங்கியது. அடுத்து, பம்பிலிருந்து வரும் குழாயில் வெற்றிடத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், நல்ல பம்ப் ஐடிலிலேயே பாதரச அளவில் 600 மி.மீ.க்கு மேல் காட்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தமே சுமார் 580 மி.மீ. தான் என்பதால், அங்கே முள் அதைத் தாண்டாததற்குப் பம்பைக் குறை சொல்லக் கூடாது.

பம்ப் சரி என்றானபின் மறுமுனையிலிருந்து வந்தேன். வெற்றிடம் உண்டாக்கும் கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தபோது தண்டு வழுக்கிச் சென்று, ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. ஆக, அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வில் ஓட்டை இல்லை. ஆனால் ஆக்சுவேட்டருக்குப் போகும் வெற்றிடத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வுக்குள் நுழையும் ஹோஸில் கேஜ் பாதியளவே காட்டியது. கழற்றி வளைத்துப் பார்த்தேன். டர்போவின் சூட்டில் விறைத்துப்போன வளைவில் மயிரிழை வெடிப்பு இருந்தது, நேராகப் பிடித்தால் மூடிக்கொண்டது.

பெட்ரோல் கார் பழக்கத்தில் சிலர் ஹோஸ்களின் மேல் கிளீனர் ஸ்பிரே அடித்து ஐடில் மாறுகிறதா என்று கவனிப்பார்கள். கசிவில் நுழையும் காற்றைப் பம்ப் இழுத்து எஞ்சினின் எண்ணெய்ப் பகுதிக்குள் தள்ளுகிறதே தவிர நேராக எரிகலனுக்கு அனுப்புவதில்லை. ஆகவே இந்த வித்தை டீசலில் பலிக்காது. சூடான டர்போவுக்கு அருகில் அது தீ ஆபத்தும்கூட.

உங்கள் காரில் ஆக்சுவேட்டர் வெற்றிடத்தைத் தாங்கியும் தண்டு திக்கித் திக்கி நகர்ந்தால், டர்போவுக்குள் அந்தத் தண்டு அசைக்கும் சிறு தகடுகளில் (வேன்களில்) கரி படிந்திருக்கலாம். அப்போது டர்போவைக் கழற்றச் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போதும் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள்.