கறுத்த காட்டுத்தேன் உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா? தினமும் எப்படிப் பாவிப்பது?

நல்லதுதான். ஆனால் கறுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு போத்தலை நம்பி வாங்காதீர்கள். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளர்ந்தவள். பெரியப்பா காட்டில் இருந்து வாளியில் கொண்டுவரும் தேன்வதையை முற்றத்தில் வைத்துப் பிழிய, சுற்றி நின்று மெழுகோடு சப்பித் துப்பிய பிள்ளைகளில் ஒருத்தி. பாலை மரம், வீரை மரம் என்று பூவுக்குப் பூ தேனின் நிறம் மாறும். பொதுவாகக் கறுத்த தேனில் கனிமங்களும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருட்களும் கூடத்தான், ஆனால் சூடாக்கினாலும் பல வருடம் வைத்திருந்தாலும் தேன் கறுக்கும், கருக விட்ட சீனிப்பாணியும் அதே நிறம். தண்ணீரில் விட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, தடித்த பாணியும் அப்படியே அடியில் போய் உட்காரும். எடுத்தவரைத் தெரிந்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது இருமலுக்கு. மகள் இரவில் இருமத் தொடங்கினால் படுக்குமுன் ஒரு தேக்கரண்டி, வெறும் தேன்தான், தொண்டையில் பூசியதுபோல் மெல்ல இறங்கும், அன்றிரவு இரண்டு பேரும் தூங்குவோம். மூச்சு இழுத்தால் தேனோடு நிற்காமல் ஆசுபத்திரிக்குப் போய்விடுவோம்.

முன்பு வேட்டை இறைச்சியை வத்தலாக்கித் தேனுக்குள் போட்டு வைப்பார்கள். தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான், அதில் கிருமி பெருகாது. அதற்காகக் காட்டுத்தேனை ஆழமான காயத்தில் பூசாதீர்கள், ஆசுபத்திரியில் காயத்துக்குப் போடுவது கிருமி நீக்கிய தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மம்மாவோடு சண்டை பிடித்தேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்க விரலை நனைத்துக்கொண்டு வந்தார், நான் கையைப் பிடித்துவிட்டேன். தேனில் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கினால் பிள்ளையின் உடம்பே தளர்ந்துபோகும், வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயதுக்குள் ஒரு துளியும் வேண்டாம். அம்மம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, பரவாயில்லை.

நீரிழிவு உள்ளவர்களே, 100 கிராம் தேனில் 80 கிராம் அளவுக்குச் சர்க்கரைதான், அளவு பார்த்துச் சாப்பிடுங்கள். மற்றவர்கள் சீனிக்குப் பதிலாக எருமைத் தயிரில் விடலாம், தேசிக்காய்த் தண்ணீரில் கலக்கலாம். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள். மூடியைத் திறக்கும்போது நுரைத்துக்கொண்டு வந்து புளித்த மணம் அடித்தால், தண்ணீர் கூடி நொதிக்கத் தொடங்கிவிட்டது.