மின்மாற்றி எண்ணெயின் முதுமையை நிறமாலை எப்படிக் காட்டுகிறது?

எண்ணெய் தெளிவாகத் தெரியும்போதும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள், தேவைதான். கனிம எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் அமிலங்களும் கீட்டோன்களும் 1710 செ.மீ⁻¹ (அலை எண்) அருகே கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) உச்சியாக எழும், 3650 செ.மீ⁻¹ அருகேயுள்ள சிறிய, கூர்மையான உச்சியோ, டிபிபிசி என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்த எண்ணெயில் அந்தத் தடுப்பான் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்லும். என் கணிப்பில் பின்னதே முக்கியம். ஏனெனில் தடுப்பான் தீரும்வரை அமில எண் (எண்ணெயிலுள்ள அமிலத்தின் அளவு) பெரும்பாலும் அசையாது, தீர்ந்தபின் விறுவிறுவென ஏறும்.

மின்மாற்றிச் சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத் தாளின் சங்கதி வேறு. தாளின் செல்லுலோஸ் சிதைந்து எண்ணெயில் கரையும் 2-ஃபர்ஃபுரால் என்னும் சேர்மம் சுமார் 277 நானோமீட்டரில் புறஊதா ஒளியை உறிஞ்சும். எண்ணெயின் அரோமாட்டிக் சேர்மங்களும் அதே பகுதியில் உறிஞ்சுவதால், அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானில் பிரித்தெடுத்து எச்பிஎல்சி (கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை) வழியே அளப்பதே நம்பகமானது. இடையில் எண்ணெயை மாற்றியிருந்தால், பழைய ஃபர்ஃபுரால் அளவோடு புதியதை நேரடியாக ஒப்பிடக் கூடாது.