சம்பல் ஆறு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சம்பல் என்றாலே கொள்ளைக்காரர்கள்தான் ஞாபகம் வருகிறது. அங்கே எப்படிச் சரணாலயம்?

பதில்: மழை அறுத்து அறுத்து உண்டான மண் பள்ளங்களில்தான் அவர்கள் ஒளிந்திருந்தார்கள். அந்தப் பயத்தில் வெளியாட்கள் அந்தப் பக்கம் அதிகம் போகாதது ஆற்றுக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றும் தங்கள் பங்கு ஆற்றை, முக்கியமாகக் கரியால் என்ற முதலைக்காக, சரணாலயமாக அறிவித்தன.

கேள்வி: மகாபாரதத்தில் வரும் ஆறாமே?

பதில்: ஆமாம், சர்மண்வதி. சர்மம் என்றால் தோல். ரந்திதேவன் என்ற மன்னனின் யாகத்தில் குவிந்த தோல்களிலிருந்து வழிந்து உண்டானதாம். திரௌபதி சபித்த ஆறு, அதனால்தான் கங்கை போல யாத்திரைக் கூட்டம் சேரவில்லை என்றும் சொல்வார்கள். சாபமும் சில சமயம் உதவும் போல!

கேள்வி: அண்ணா, அங்கே உள்ள முதலை ஆளைப் பிடிக்குமா?

பதில்: நீங்கள் கேட்பது கரியால் என்றால், பிடிக்காது. குச்சி போன்ற அந்த வாய் மீனுக்கானது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். இந்தியில் கடா என்றால் பானை, பெயர் அதிலிருந்து வந்தது. தமிழில் சொம்புமூக்கு முதலை.

மார்ச், ஏப்ரலில் மணல்திட்டில் குழி தோண்டி முட்டையிடும். மழைக்கு முன்னால், ஜூன் வாக்கில் குஞ்சு பொரியும். பல தாய்களின் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் சேர, பெரிய ஆண் ஒன்று காவல் இருக்கும். முதுகு நிறையக் குஞ்சுகளோடு அது மிதக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்களே. சம்பலில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்வதில் நம் மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணைக்காரர்களுக்கும் பங்குண்டு.

கேள்வி: அப்போ கரியாலைப் பற்றி இனிக் கவலை இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2007-08 குளிர்காலத்தில் நூறுக்கு மேல் கரியால்கள் செத்து ஒதுங்கின. சிறுநீரகம் கெட்டிருந்தது, சம்பல் போய்ச் சேரும் யமுனையின் நஞ்சு மீன் வழியே வந்திருக்கலாம் என்று சந்தேகம். மேலே கோட்டா அணை நீரைப் பிடித்துக்கொள்வதால் கோடையில் ஆறு மெலிகிறது. ஆனால் எனக்குப் பெரிய பயம் மணல் திருட்டுதான். டிராக்டர் அள்ளிப் போவது வெறும் மணல் இல்லை, முட்டையிடும் இடம்.

கேள்வி: பார்க்க எப்போது போகலாம்?

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தோல்பூர், மொரேனா பக்கம் படகு கிடைக்கும். காலை வெயில் ஏறிய பிறகு போங்கள், அப்போதுதான் கரியால் கரையேறி வெயில் காயும். அப்புறம், படகில் சத்தம் போடாதீர்கள்.